ஒரு நாள் பிந்திய திதி

கரமனைப் பாலத்தைத் தாண்டினால் மருந்துக்கடைக்கு மேலே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. சாயங்கால வகுப்பில் வெள்ளைப் பலகை முன்னால் நின்று மலையாளத்தில் ஜாவா சொல்லிக் கொடுக்கிறானே, சட்டைப் பையில் மூன்று பேனா குத்திய ஒல்லி மனிதன், அவன்தான் மஹேஷ். வயது நாற்பது ஆகவில்லை. பார்த்தால் ஐம்பது சொல்லலாம். ஸ்ரீவராகத்தில் எனக்கு எதிர்வீடு. அவன் அரைக்கால் டிராயரோடு திரிந்த நாளிலிருந்து எனக்கு அவனைத் தெரியும். நான் தலைமைச் செயலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் பேர். இருந்துவிட்டுப் போகட்டும்.

மஹேஷ் சின்ன வயதிலேயே எதையும் இரண்டு தரம் பார்க்கிற பிள்ளை. கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பான், பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பான். அவன் அப்பா கருவூலத்தில் வேலை பார்த்தவர், அவன் எம்.சி.ஏ. படிக்கும்போதே போய்விட்டார். படித்து முடித்ததும் டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கழக்கூட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவான், வருவான். இப்படி இரண்டு வருஷம் போனபின் ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றான். கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர் மொழிகளையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு ஜாவா என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்களாம். தொண்ணூற்றேழு என்று நினைவு.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு வேறு பேச்சே கிடையாது. "மாமி, இதுல எல்லாமே ஆப்ஜெக்ட். ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் உண்டு, தானா செய்யற வேலை சிலது உண்டு. மாசம் ஒரு ஆப்ஜெக்ட், திதி ஒரு ஆப்ஜெக்ட். எதுக்கு எது தெரியணுமோ அது அதுக்குள்ளேயே இருக்கும், கேட்டேளா."

"நானும் ஆப்ஜெக்டா?" என்று கேட்டேன்.

"நீங்களும்தான்" என்றான், சிரிக்காமல்.

அந்தக் கிறுக்கில் அவன் எழுதியதுதான் திதி பார்க்கிற புரோகிராம். அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் இறந்தவருக்கு வருஷா வருஷம் சிராத்தம் செய்வது இங்கிலீஷ் தேதிக்கு அல்ல. இறந்த வேளையில் எந்தத் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்று பார்த்து அந்தத் திதியில்தான் செய்ய வேண்டும். அன்றைக்கு மட்டுந்தான் அவர்கள் வந்து வாசலில் நிற்பார்கள் என்பது நம்பிக்கை. எனக்கு அதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை கிடையாது, சிராத்தத்து எள்ளுருண்டையில் உண்டு. ஆனால் வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் எங்கள் தெருப் புரோகிதர் சாம்பசிவ வாத்தியாரிடம் வந்து, "அப்பா போனது எண்பத்தேழு மார்ச்சு, திதி ஞாபகமில்லை" என்று தலையைச் சொறிவார்கள். பழைய பஞ்சாங்கம் யார் வைத்திருக்கிறார்கள்? வருஷம் முடிந்தால் அதைக் கிழித்து அப்பளத்துக்கு எண்ணெய் வடிய வைக்கிற தெரு எங்களுடையது.

மஹேஷின் புரோகிராமில் தேதியும் நேரமும் கொடுத்தால் போதும், சூரியன் சந்திரன் இருந்த இடத்தைக் கணக்குப் போட்டுத் திதியைச் சொல்லிவிடும். இறந்தவருக்கு அதில் அவன் வைத்த பேர் பித்ரு. வாத்தியார் லேசில் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. வெற்றிலையை மென்றபடி அவன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த சாவுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டார். எல்லாம் சரியாக வந்தது. மஹேஷின் அப்பாவுடையதும் சரியாக வந்தது. "இனி என்கிட்ட ஏன் வரேள், இவன்கிட்டப் போங்கோ" என்று வாத்தியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

பிறகு அமெரிக்காவிலிருந்தும் துபாயிலிருந்தும் கேட்க ஆரம்பித்தார்கள். மஹேஷ் அந்தப் புரோகிராமை இன்டர்நெட்டில் போட்டான். அமெரிக்காவில் ஒரு கம்பெனி இலவசமாக இடம் கொடுத்தது, அதன் இயந்திரத்தில் இது ஓடும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை என்று பெருமையாகச் சொன்னான். ஜாவாவின் மகிமையே அதுதானாம், ஒரு தடவை எழுதினால் எங்கே வேண்டுமானாலும் ஓடும். எழுதினதை மாற்றாதபோது மறுபடி எதற்குச் சோதிப்பது? இழுத்துப் பார்க்காமல் அவன் பூட்டின ஒரே பூட்டு அது.

இனி நாகலக்ஷ்மியைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக் கோடி வீடு. அவள் புருஷனும் மஹேஷின் அப்பாவும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி, அதனால் மஹேஷுக்கு அவள் பெரியம்மா. ஒரே பிள்ளை, ஸ்ரீகண்டன். பி.எஸ்ஸி. கடைசி வருஷம் தோற்றுவிட்டு, ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு ஆறு மாதம் திரிந்தான். விஷயம் வெளியே வந்த அன்று அவன் அப்பா சாப்பாட்டு நேரத்தில், "இவனுக்கு இலை போடாதே" என்றார். அவள் போடவில்லை. புருஷன் பேச்சை மீறத் தெரியாத பெண்பிள்ளை. அவன் சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறான். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவன்தான். தம்பானூர் ரயில் ஸ்டேஷனில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவ்வளவுதான்.

அப்பா சில வருஷத்தில் போய்விட்டார். நாகலக்ஷ்மி அரிசி களைகிற போதும் வாசலைப் பார்த்துக்கொண்டே களைவாள். ஒரு ஆழாக்கு கூடப் போட்டு வடிப்பாள். மிஞ்சியதை மறுநாள் அவளே பழையதாகச் சாப்பிடுவாள்.

இரண்டாயிரமாவது வருஷம், நல்ல மழைக்காலத்தில், பத்மநாப சுவாமியைத் தொழ வந்த ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். குஜராத்தில் வாபி என்கிற ஊரில் சாயத் தொழிற்சாலையில் ஸ்ரீகண்டனோடு வேலை செய்தவர். மஞ்சள் காமாலையில் போய்விட்டானாம், தொண்ணூற்று நாலு நவம்பர் பதினோராம் தேதி, மத்தியானம் இரண்டு மணி. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை அத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தார். ஆறு வருஷமாக இல்லாத பிள்ளைக்கு அவள் ஒரு ஆழாக்கு கூட வடித்திருக்கிறாள்.

அவள் அழுததை நான் எழுதப் போவதில்லை. அழுது முடித்து அவள் கேட்டது ஒன்றுதான். "சிராத்தம் பண்ணினா அவன் வந்து சாப்பிடுவான் இல்லையா வாத்தியாரே?"

"வராம? பித்ருக்கள் வேற எதுக்குக் காத்துண்டிருக்கா?" என்றார் வாத்தியார்.

முதலில் செய்ய வேண்டிய கர்மங்களையெல்லாம் தாயாதி, பங்காளி என்கிற முறையில் மஹேஷ்தான் செய்தான். வருஷா வருஷம் எந்தத் திதியில் செய்வது என்ற பேச்சு வந்தது. வாத்தியார் சொன்னார்: "தூர தேசத்துச் சாவு, இத்தனை வருஷம் கழிச்சுத் தெரியறது. இதுக்கெல்லாம் சாஸ்திரத்துல வழி இருக்கு. அந்த மாச அமாவாசையில பண்ணிடலாம், ஒரு தோஷமும் இல்லை."

நான் இன்றைக்கும் சொல்கிறேன், அந்த அமாவாசையோடு விட்டிருக்கலாம். மஹேஷ் விடவில்லை. "தேதி, மணி எல்லாம் கையில இருக்கு. எதுக்கு வெறுதே அமாவாசை? பெரியம்மா, சரியான திதியை நான் எடுத்துத் தரேன்" என்றான். அவன் வீட்டுக் கம்ப்யூட்டர் மழையில் இடி விழுந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. அதனால் என்ன, இன்டர்நெட்டில் இருக்கிறதே என்று வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு கிழக்கேகோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனான். அரைமணியில் திரும்பி வந்தார்கள். ஐப்பசி, வளர்பிறை, தசமி.

அந்த வருஷம் முதல் சிராத்தம் நடந்தது. நானும் கூடமாட ஒத்தாசைக்குப் போனேன். சிராத்தத்துக்கு முந்தின நாள் நாகலக்ஷ்மி ஒன்றும் சாப்பிடவில்லை. வீட்டைக் கழுவி, அடுப்பை அலம்பிக் கோலம் போட்டு, மடித் துணியை உயரக் கொடியில் உலர்த்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுந்து சமைத்தாள். பலாக்காய்க் கறி, சேப்பங்கிழங்கு, பாயசம். ஸ்ரீகண்டனுக்குப் பிடித்தது என்று வாழைக்காயை இரண்டு விதமாகப் பண்ணினாள். பிராமணர்களுக்கு அவளே இலை போட்டாள். எல்லாம் முடிந்து மஹேஷ் பிண்டத்தைக் கரைத்துவிட்டு வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "சாப்பிட்டான்டா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஆளே மாறிவிட்டாள். இதைச் சொல்லாமல் மஹேஷின் கதையைச் சொல்ல முடியாது. கூட வடிப்பதை நிறுத்தினாள். சாயங்காலம் கோவிலுக்கு வந்தாள். என்னோடு வம்பு பேசினாள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவள் வாயிலிருந்து ஒரு சிரிப்பு வந்து யாரும் கேட்டதில்லை, இப்போது கேட்டோம். அடுத்த வருஷமும் அதே தசமி, அதற்கடுத்த வருஷமும்.

மஹேஷுக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் நன்றாக நடக்கவில்லை. அமெரிக்காவில் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. இங்கே அவன் கம்பெனியில் முதலில் வேலை இல்லாமல் உட்கார்த்தி வைத்தார்கள், பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்த்து வைத்திருந்த பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடம் முடித்தார்கள். கரமனை சென்டரில் சேர்ந்தது அப்போதுதான். நான் எதையாவது தேற்றிச் சொன்னால், "சாரமில்லை மாமி, போகட்டும். பெரியம்மா நன்னா இருக்கா, அது ஒண்ணு என்னால ஆச்சு" என்பான். உண்மையாகவே அவனுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

இரண்டாயிரத்து மூன்று கோடையில் டொரன்டோவிலிருந்து ஒருவர் மெயில் எழுதினார். தன் அப்பா நம் ஊரில் இறந்தது சதுர்த்தி, குடும்பத்துக்கே தெரியும், உங்கள் புரோகிராம் பஞ்சமி என்கிறது, பாருங்கள் என்று. மஹேஷ் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான், சதுர்த்தி. இன்டர்நெட்டில் பார்த்தான், பஞ்சமி. ஒரே புரோகிராம், ஒரே தேதி.

எனக்குப் புரிகிற மாதிரி அவன் பிறகு சொன்னது இது. பகல் இரண்டு மணி என்று எழுதினால், எந்த ஊர் இரண்டு மணி? ஜாவா அதைக் கேட்காது. நீயாகச் சொல்லாவிட்டால், தான் ஓடுகிற இயந்திரம் எந்த ஊர்க் கடிகாரத்தை வைத்திருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். அவன் வீட்டில் ஓடும்போது அது நம் ஊர் மணி. அமெரிக்காவில் ஓடியபோது கலிஃபோர்னியா மணி. அங்கே பகல் இரண்டு என்றால் இங்கே மறுநாள் விடிவதற்குக் கொஞ்சம் முன். திதி மாறாத நாளாக இருந்தால் பதில் தப்பாது, அதனால்தான் இத்தனை நாள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நடுவில் திதி மாறியிருந்தால் ஒன்று தள்ளிப்போகும். ஊரைச் சொல்ல ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நம் ஊரில் உட்கார்ந்து நம் ஊர்ச் சாவுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த வரி தேவைப்பட்டதே இல்லை.

அவன் உடனே இன்டர்நெட்டில் இருந்ததை எடுத்தான். அதில் திதி பார்த்தவர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு எழுதினான். பெரும்பாலோர் பதிலே போடவில்லை, போட்டவர்களும் பரவாயில்லை என்றார்கள். பிறகு ஸ்ரீகண்டனின் தேதியை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டான். நவமி என்று வந்தது.

மூன்று வருஷமும் சிராத்தம் ஒரு நாள் பிந்தி நடந்திருக்கிறது.

என் வீட்டுக்குத்தான் முதலில் வந்தான். வாத்தியாரையும் கூப்பிட்டேன். வாத்தியார் எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "தெரியாம நடந்தது. பிராயச்சித்தம் பண்ணிக்கலாம். இந்த வருஷத்துலேர்ந்து நவமியில வைப்போம். ஏன்னு நாகலக்ஷ்மி மாமி கேட்டா பஞ்சாங்கத்துல அப்படித்தான் விழறதுன்னு நான் சொல்லிக்கறேன்" என்றார்.

"அதான் சரி. அவகிட்ட மூச்சு விடாதே" என்றேன் நான்.

"எப்படி மாமி சொல்லாம இருக்கறது?"

"வாயை மூடிண்டுதான். வேற எப்படி?"

அவன் கேட்கவில்லை. சதா சரிபார்த்தே வளர்ந்த பிள்ளை, தப்பு என்று தெரிந்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்குகிற பாரம் யார் தலையில் போய் உட்காரும் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அவன் மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனான், அது வேறு.

நாகலக்ஷ்மி புளி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னான். கலிஃபோர்னியா, கடிகாரம், எல்லாம். அவளுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. புரிய வேண்டியது புரிந்தது. அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தாள்.

"அப்போ அவன் நவமிக்கு வந்திருப்பான், அல்லே?"

மஹேஷ் தலையை ஆட்டினான்.

"நவமியன்னிக்கு நான் என்ன பண்ணிண்டிருந்தேன்?"

அவளே சொன்னாள். "பட்டினி கிடந்தேன். அடுப்பை அலம்பி வச்சுட்டு, நாளைக்கு வரான் நாளைக்கு வரான்னு கதவைச் சாத்திண்டு படுத்திருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை, அழவில்லை. மறுபடியும் புளியை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். அது அப்படியே ஆறிவிடும் என்று நான் நினைத்தேன். அவள் கோவிலுக்கு வருவது நின்றது. கூப்பிட்டால் முழங்கால் வலி என்பாள். மஹேஷ் தினமும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவான். இந்த வருஷம் நவமியில் எல்லாம் முறையாகச் செய்துவிட்டால் அவள் மனசு பழையபடி ஆகிவிடும் என்று அவன் நம்பினான். பஞ்சாங்கத்தை வாத்தியாரும் அவனும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டார்கள். சாலைக் கம்போளத்துக்குப் போய் நல்ல வாழைக்காயாகப் பொறுக்கி, காய்கறி எல்லாம் இரண்டு நாள் முன்னாலேயே வாங்கி அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்தான். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

நவமியன்று காலையில் மழை பிடித்துக்கொண்டது. நான் போனபோது மஹேஷ் குளத்தில் முழுகிவிட்டு ஈர வேஷ்டியோடு அவள் வீட்டுக்குள் நின்றிருந்தான். பின்னாலேயே வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். நாகலக்ஷ்மி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குடித்து வைத்த காபி டம்ளர். சமையலறையை எட்டிப் பார்த்தேன். காய்கறி கூடையில் அப்படியே இருந்தது. அடுப்பு மூட்டவில்லை.

"என்ன மாமி, உடம்பு முடியலையா? திதி இன்னிக்குத்தானே" என்றார் வாத்தியார்.

"தெரியும். நவமி. இனிமே பண்ண வேண்டாம்."

"அப்படிச் சொல்லப்படாது. அவன் வந்து நிப்பான்."

"வரமாட்டான் வாத்தியாரே" என்றாள். குரலில் சண்டை இல்லை. "உசிரோட இருந்தப்போ ஒரு தரம் இலை போடாம அனுப்பினேன். செத்தப்புறம் மூணு தரம். இன்னும் எத்தனை தரம் வந்து பாப்பான்? அவனுக்கும் ரோஷம் இருக்காதா? வராத பிள்ளைக்குச் சமைச்சு உங்களுக்குப் போட்டுட்டு, அவன் சாப்பிட்டான்னு நான் நெனைச்சுக்கணும். மூணு வருஷம் அப்படி நெனைச்சுண்டு சுகமா இருந்தேன். இனி என்னால முடியாது."

வாத்தியார் என்னைப் பார்த்தார். இவ்வளவு நீளமான வாயை வைத்துக்கொண்டு அன்றைக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை.

மஹேஷ் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான். வேஷ்டியிலிருந்து தண்ணீர் கூடமெல்லாம் ஓடியது. "பெரியம்மா, தப்பு என்னோடது. நீ ஒண்ணும் பண்ணலை. தப்பெல்லாம் என்னோடதுதான்" என்றான்.

இல்லைடா கண்ணா என்று சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். எந்தப் பெண்பிள்ளையும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"ஆமாம், உன்னோடதுதான்" என்றாள். "போ. போய் ஈரத்தை மாத்து. சளி பிடிச்சுக்கும்."